நாற்பத்தாறாவது பை

1

சென்ற மாதம் சுங்கப் பகுதியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இலங்கையிலிருந்து என் பெயருக்கு வந்த பார்சல் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறோம், உள்ளே இருக்கும் பொருள் என்னவென்று விளங்கவில்லை, உடனே தொடர்புகொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள். நான் இருப்பது ஸ்கொட்லாந்தின் வடக்கில், இன்வர்னஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வந்து பத்தொன்பது வருடமாகிறது. இன்னமும் அரசாங்கக் கடிதம் என்றால் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன்.

ஃபோன் எடுத்துச் சொன்னேன், உள்ளே இருப்பது லீச் சொக்ஸ் என்று. அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு அது லீக்ஸ் என்று கேட்டிருக்கிறது. மரக்கறி வகைகளுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டுமே, அது இருக்கிறதா என்றார். நுவரெலியா லீக்ஸை நான் ஏன் இங்கே தருவிக்கப் போகிறேன்? எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இரத்தம் குடிக்குமே, அந்தப் பூச்சி என்றேன். பிறகு அவர் மிகவும் நிதானமாக, “அவை உயிரோடு இருக்கின்றனவா?” என்று கேட்டார்.

அட்டையை உள்ளே போடுவதல்ல, அட்டை ஏறாமல் இருக்கக் காலில் போடுவது என்று விளக்கி முடிக்க இருபது நிமிடம் போனது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் காட்டுக்குள் நடப்பவர்கள் சப்பாத்துக்குள்ளே போட்டு, முழங்கால்வரை இழுத்துக் கட்டிக்கொள்ளும் துணி உறை அது. நாங்கள் அட்டை மேஸ் என்போம். இந்த நாட்டில் அட்டைத் தொல்லை இல்லை. ஆனால் புல்லுக்குள் உண்ணி இருக்கிறது, கடித்தால் நோய் வரும். என்னோடு வேலை செய்யும் ஃபியோனா ஞாயிறு தவறாமல் மலைக்குப் போகிறவர். என்னிடமிருந்த ஒரு சோடியைக் கொடுத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாக இருப்பதால் உண்ணி ஏறினால் உடனே தெரிகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அவருடைய நடைக் குழுவுக்குப் பன்னிரண்டு சோடி கேட்டார். அதுதான் அந்தப் பார்சல்.

கடைசியில் சுங்கப் பெண், “இதை யார் செய்கிறார்கள்?” என்று கேட்டார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்ததா, சும்மா கேட்டாரா தெரியாது.

“என் தங்கச்சி” என்றேன்.

என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது. அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு கிடையாது. ஆறு வருடத்துக்கு முன் இதே தங்கச்சியிடம் ஃபோனில் நான் பேசிய பேச்சு அப்படி.

2

ரெஜினா என்னைவிட ஏழு வயது இளையவள். கண்டி மஹய்யாவையில் பிறந்தோம். அப்பாவுக்கு மாநகரசபையில் வேலை. அம்மா தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்து, கலியாணமாகி டவுனுக்கு வந்தவர். அம்மாவின் கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த தழும்புகள் கறுத்துப் போய் இருக்கும். சவர்க்காரமும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு மலைக்குப் போவார்களாம். மழை பெய்தால் அரை மணித்தியாலத்தில் கழுவிக்கொண்டு போய்விடுமாம். அதனால் மலை என்றால் எங்கள் வீட்டில் அது வேலைத்தளம். யாரும் அண்ணாந்து பார்த்து ரசித்ததில்லை.

நான் தாதி உதவியாளர் பயிற்சி முடித்து, கலியாணமாகி, இங்கே வந்துவிட்டேன். ரெஜினா பல்லேகலையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் மெஷினில் உட்கார்ந்தாள். கெட்டிக்காரி. பத்து வருடத்தில் சூப்பர்வைசர். ஒருநாள் தொழிற்சாலையில் எல்லோரையும் ஹந்தானை மலைக்கு ட்ரிப் கூட்டிப் போயிருக்கிறார்கள். மற்றவர்கள் பாதி வழியில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிக்க, இவள் மட்டும் உச்சிவரை போய்விட்டு வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வந்தால் ஏதாவது ஒரு மலையில் நிற்பாள். அலகல்லை, நக்கிள்ஸ் என்று ஃபோட்டோ அனுப்புவாள். நான் பதிலுக்கு ஒரு கட்டை விரல் படத்தை அனுப்பிவிட்டு, முப்பத்தினாலு வயதாகியும் கலியாணமில்லாமல் இப்படித் திரிகிறாளே, மஹய்யாவையில் என்ன பேசுவார்களோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

கடையில் வாங்கிய அட்டை மேஸ் அவளுக்குச் சரிவரவில்லை. இலாஸ்டிக் காலை வெட்டியது. பக்கத் தையலின் இடைவெளியால் அட்டை நுழைந்தது. தொழிற்சாலையில் பழுதான சட்டையைப் பிரித்துப் பார்ப்பதுபோல அதையும் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

“இதத் தச்சவங்க ஒருத்தரும் காட்டுக்குப் போனதில்ல அக்கா” என்றாள் என்னிடம்.

இறுக்கமாக நெய்த துணி எடுத்து, தையலை இரட்டையாக மடித்து, இலாஸ்டிக்குக்குப் பதில் தட்டை நாடா வைத்துத் தானே தைத்தாள். முதல் சோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தது மலையேறும் நண்பர்களிடம் அல்ல. தெல்தோட்டையில் இன்னமும் கொழுந்து பறிக்கும் எங்கள் சின்னம்மாவிடம். சின்னம்மா மூன்று தடவை திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒருமுறை சூடு, ஒருமுறை ஈரமானால் கனக்கிறது, ஒருமுறை முடிச்சு அவிழ்கிறது. நாலாவது சோடியை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் இன்னும் ஆறு பேருக்கு வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

“நடக்குறவங்க ஒரு நாளைக்குப் போடுவாங்க. சின்னம்மா மாசம் பூரா போடுவாங்க. அவங்களுக்குச் சரின்னா எல்லாருக்கும் சரிதான்” என்றாள் ரெஜினா.

மேஸுக்குப் பிறகு முதுகுப் பை. திகனையில் லொறிப் படங்கு விற்கும் நிஸ்தார் நானா வெட்டி மிஞ்சிய கான்வஸ் துண்டுகளை இவளுக்கென்று எடுத்து வைப்பார். வெளிநாட்டுப் பக்கிள் வராமல் நின்ற காலத்தில் பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைப் பட்டறைக்குப் போய், உட்கார்ந்து வரைந்து காட்டிக் கொக்கி வார்க்க வைத்தாள். குத்துவிளக்கு வார்க்கிறவரிடம் பைக்குக் கொக்கி கேட்டவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். இன்றைக்கு அந்தப் பித்தளைக் கொக்கியைப் பார்த்துத்தான் அவளுடைய பை என்று அடையாளம் சொல்கிறார்கள்.

பிறகு ஒருநாள் ஃபோனில், வேலையை விட்டுவிட்டேன் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“மலை ஏறுறது வேலையத்த வெள்ளக்காரங்க பொழப்பு. அம்மா மலைய விட்டு எறங்கி வந்தது நீ திரும்பி ஏறுறதுக்கா?”



“அம்மா ஏறுனது கங்காணி சொல்லி. நான் ஏறுறது என் ஆசைக்கு. ரெண்டும் ஒண்ணில்ல அக்கா.”

ஃபோனை நான்தான் வைத்தேன். நாலு மாதம் பேசவில்லை.

3

இங்கே என் நாள் காலை ஏழு மணிக்கு முதியோர் இல்லத்தில் தொடங்குகிறது. குளிக்க வைப்பது, உடுத்திவிடுவது, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவது. மருந்தில் மட்டும் யாரும் விளையாட முடியாது. ஒரு குளிசை மாறிப்போனாலும் எழுத வேண்டும், மேலே சொல்ல வேண்டும், அன்று அந்த வண்டியிலிருந்து மருந்து எடுத்த எல்லோரையும் சரிபார்க்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் இந்த ஒழுங்கு என் உடம்பில் ஊறிவிட்டது.

மகள் ஷரோனுக்குப் பத்தொன்பது வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். வீட்டில் நாங்கள் பேசுவது குறைந்து போய், சாப்பாடு, கதவு, பஸ் நேரம் என்று சுருங்கிவிட்டது. பல்கலைக்கழகம் போனதும் அதுவும் இல்லை. அவளும் கூட்டாளிகளோடு மலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அவளுக்கும் ரெஜினாவுக்கும் ஃபோனில் தனிப் பேச்சு இருந்தது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. பாதித் தமிழ், பாதி ஆங்கிலம், மிச்சம் பையின் படங்கள். நான் கற்றுக் கொடுக்காத தமிழ்ச் சொற்கள் அவள் வாயில் வந்தன. ஒருநாள் சமையலறையில் நின்று “தையல் பிரியுது” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையில் வாங்கிய தன் பையைத்தான் சொன்னாள்.

போன டிசம்பரில் நத்தார் விடுமுறைக்குக் கண்டிக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான். நானும் அவளும் போனோம்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு ரெஜினா மட்டும் இருக்கும் மஹய்யாவை வீட்டின் முன்னறையில் கதிரைகள் இல்லை. இரண்டு பெரிய மெஷின்கள், நான் படித்த மேசையின்மேல் வெட்டின துணி, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பைகள். ரெஜினாவோடு முன்பு தொழிற்சாலையில் இருந்த சந்திரா அக்காதான் கூட இருந்து தைக்கிறார். நான் வாசலில் நின்று பார்த்தேன். வேலையற்றவர்களின் பிழைப்பு என்று நான் சொன்னது இதைத்தான்.

மூன்றாம் நாள் காலை ரெஜினாவுக்கு ஒரு ஃபோன் வந்தது. எழுந்து நின்று கேட்டாள். சிங்களத்தில் இரண்டு மூன்று வார்த்தை சொன்னாள். மாத்தளைக்காரர் ஒருவர், அவளிடம் பை வாங்கியவர், முந்தின நாள் மலையிலிருந்து இறங்கும்போது தோள்பட்டி பிய்ந்து, பாரம் ஒரு பக்கம் இழுத்து விழுந்திருக்கிறார். மணிக்கட்டு முறிவு. பை பள்ளத்தில். அவர் கோபப்படவில்லை, ஓரடி தள்ளி விழுந்திருந்தால் நானும் பள்ளத்தில்தான் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ரெஜினா சுவரிலிருந்து ஒரு பையை எடுத்தாள். அரிசி மூட்டையைப் பிரித்து அதற்குள் நிரப்பினாள். முகட்டுக் கம்பியில் பட்டியைக் கொழுவி, பையைத் தூக்கித் தூக்கி விட்டாள். பத்துப் பதினைந்து தரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தையல் சர்ரென்று கிழிந்து, அரிசி தரையெல்லாம் கொட்டியது.

அவள் குனிந்து நூலை எடுத்து விரலில் சுற்றி இழுத்தாள். அறுந்தது.

“வழமையா எடுக்கிற நூல் கிடைக்காம, வேற எடத்துல வாங்குனது. பாக்க அதே மாதிரி இருந்துச்சு. நான் இழுத்துப் பாத்திருக்கணும்.”

“எத்தனை பை அதுல தச்ச?” என்று கேட்டேன்.

“நாப்பத்தாறு.”

“அந்த மனுசனுக்கு வேற பை குடு, ஆஸ்பத்திரிச் செலவப் பாத்துக்க. மத்தவங்க ஒருத்தரும் சொல்லலையே. நீயாப் போய் ஏன் சொல்லணும்? பேரு கெட்டுப் போயிரும்.”

ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்க ஒருத்தருக்கு மருந்து மாத்திக் குடுத்துட்டா, அவருக்கு மட்டும் சொல்லிட்டு விட்டுருவீங்களா?”

நான் குனிந்து அரிசியை அள்ளத் தொடங்கினேன்.

4

வாங்கினவர்கள் எல்லோருடைய பெயரையும் அவள் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். யாருக்கு என்ன உயரம், எந்தத் தோள் தாழ்வு என்பதுகூட அதில் இருந்தது. ரெஜினா சிங்களத்தில் ஒரு செய்தி எழுதினாள், நான் தமிழில், ஷரோன் ஆங்கிலத்தில். நடந்ததை அப்படியே எழுதினோம்: தவறு என்னுடையது, பையைப் பாரத்தோடு தூக்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள், காசு வாங்காமல் தைத்துத் தருகிறேன். ஷரோன் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெருமையாக, “நாங்க எல்லா பையையும் கூப்பிடுறோம்” என்றாள். அந்த அம்மா பயந்து போய், “எந்தப் பையன?” என்று கேட்டார்.

அன்று ஒருநாள்தான் சிரித்தோம். பிறகு பைகள் வரத் தொடங்கின. பஸ்ஸில், கூரியரில், கையோடு. இரண்டு பேர் இனி வேண்டாம், காசைத் தா என்றார்கள், கொடுத்தாள். பேராதனையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் பையைத் தரவே மாட்டேன் என்றுவிட்டார். ரெஜினா நேரே போனாள். நானும் போனேன்.

“இது மூண்டு மலை ஏறி இறங்கீட்டுது. ஒண்டும் ஆகேல்லை. ஏன் பிள்ளை சும்மா பிரிக்கிறீர்?”

“நாலாவது மலைல போனா என்னா செய்வீங்க சேர்?”

அவர் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஓம், கொண்டு போம். ஆனா அந்தப் பித்தளைக் கொக்கியை மாத்திப் போடாதையும்” என்றார்.

ஒரு கிழமையில் நாற்பத்தைந்து பை கணக்கில் வந்துவிட்டது. நாற்பத்தாறாவது பையின் சொந்தக்காரி, அளவை ஃபோனில் சொல்லிக் கூரியரில் பையை எடுத்தவள், ஷிஃபானா என்ற ஒரு ஆசிரியை. செய்தியைப் பார்க்கவில்லை. அவளுடைய பழைய இலக்கம் மாறியிருந்தது. ஒரு காலையில் எப்படியோ வீட்டு இலக்கத்தைத் தேடிப் பிடித்து ஃபோன் எடுத்தபோது தாய் பேசினார்.

“மகள் விடிய சுபஹோட போயிட்டா. டீச்சர்மார் நாலு பேரா நக்கிள்ஸுக்கு. ரெண்டு ராவு அங்கதான். அங்க சிக்னலும் இல்லயே.”

“எந்தப் பை எடுத்துக்கிட்டுப் போனாங்க?”

“அந்த கொக்கி வெச்ச பைதான். கூடாரமும் அவதான் தூக்கிட்டுப் போறா.”

ரெஜினா ஊசியும் நூலும் ஒரு டப்பாவில் போட்டாள். பஸ்ஸில் போனால் பிடிக்க முடியாது என்று நிஸ்தார் நானாவுக்கு ஃபோன் எடுத்தாள். நாங்கள் திகனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கடையைப் பூட்டிவிட்டு வேனில் உட்கார்ந்திருந்தார்.

“ஏறுங்கொ தங்கச்சி. கதைக்கிறத பாதையில கதைப்போம்.”

5

உன்னஸ்கிரியவைத் தாண்டி மேலே போய், காட்டு இலாகாவின் டிக்கட் கவுண்டரில் நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம், நிஸ்தார் நானா வேனோடு நின்றுகொண்டார். உள்ளே இருந்தவர் ரெஜினாவின் அடையாள அட்டையைப் பார்த்தார், டிக்கட் கிழித்தார். என்னிடம் கை நீட்டினார். என்னிடம் இருந்தது பிரித்தானியக் கடவுச்சீட்டு. நான் மஹய்யாவையில் பிறந்தவள் என்று சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களம் துருப்பிடித்திருந்தது. அவர் மரியாதையாகவே, “வெளிநாட்டு டிக்கட்தான் மெடம்” என்றார். எனக்கும் ஷரோனுக்கும் வெளிநாட்டு டிக்கட். கண் கலங்கியது. அதற்கு நின்று அழ நேரமிருக்கவில்லை. நாலு டீச்சர்மாரும் போய் ஒன்றரை மணித்தியாலம் என்று அவர் சொன்னதும் ரெஜினா நடக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் அட்டை மேஸைக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன். தூறல். பாதை முழுக்க ஈர இலை. இலைக்கு இலை அட்டை தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. என் காலில் வெள்ளைத் துணியில் ஏறி, வழி தெரியாமல் வளைந்து வளைந்து திரும்பியது. ரெஜினா என்னைப் பார்த்து நிற்கவில்லை. ஷரோன்தான் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி ஓடி வந்தாள். ஓரிடத்தில் பாதை ஒரு பாறையின் விளிம்போடு போனது, கீழே பார்த்தால் மேகம். அந்த இடத்தில் தோள்பட்டி அறுந்தால் என்ன ஆகும் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. நான் கம்பியைப் பிடித்துத் தாண்டுவதுபோலக் கல்லைப் பிடித்துத் தாண்டினேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்து, ஒரு ஓடையடியில் அவர்களைக் கண்டோம். நாலு பெண்கள் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள். பித்தளைக் கொக்கி வைத்த பை ஒரு பாறைமேல் இருந்தது. ரெஜினா முதலில் போய் அந்தப் பையின்மேல் கையை வைத்தாள்.

ஷிஃபானா எழுந்து, “ஆரு நீங்க?” என்றாள்.

“இந்தப் பைய தச்சவ. இது சரியில்ல. ஒரு மணித்தியாலம் தாங்க.”

ஷிஃபானா சிறிது நேரம் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். “இதுக்காகவா மலைக்கு வந்தீங்க?” என்றாள். தேத்தண்ணியை முதலில் எனக்குத்தான் கொடுத்தாள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ரெஜினா பாறையில் உட்கார்ந்து இரண்டு பட்டிகளையும் பிரித்தாள். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசின நூலை இரண்டு பக்கமும் கோத்து இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் நூலைப் பல்லில் கடித்து இறுக்கினாள். மழை வலுத்தது. ஷரோன் ஒரு பொலித்தீன் விரிப்பை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெஜினாவின் மணிக்கட்டில் ஒரு அட்டை ஏறி, இரத்தம் குடித்துத் தடித்துக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை, கவனித்தாலும் ஊசியை விடமாட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகத்தால் அதன் வாயை மெல்லத் தள்ளி எடுத்து எறிந்தேன். அவள் கையை நீட்டித் தந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் அதே இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் தைத்துக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் பையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கச் சொன்னாள். கூடாரத்தையும் வைத்து ஷிஃபானாவை மாட்டச் சொன்னாள்.

“இப்ப குதிங்க.”

“குதிக்கவா?”

“இருவது தரம்.”

ஷிஃபானா குதித்தாள். மற்ற டீச்சர்மார் எண்ணினார்கள். இருபது முடிந்ததும் ரெஜினா பட்டியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அந்தக் கொப்பியை எடுத்து ஒரு கோடு போட்டாள். ஒரு டீச்சர் தனக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றார். மாத்தளைக்காரருக்கு முதலில் ஒன்று தைத்துக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு வாருங்கள் என்றாள் ரெஜினா. கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள்.

மழை விட்டிருந்தது. நான் இறங்கத் தயாராக எழுந்தேன். ரெஜினா மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல் தடவையாக அவள் முகத்தில் வேறு ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

“இன்னும் முக்கா மணித்தியாலம்தான் உச்சிக்கு. நானும் ஷரோனும் போயிட்டு வந்துர்றோம். நீங்க இவங்களோட இருங்க அக்கா.”

ஷரோன் என்னைப் பார்த்தாள். “அம்மா, வாறீங்களா?” என்று தமிழில் கேட்டாள்.

நான் அவிழ்ந்திருந்த நாடாவை முழங்காலில் இறுக்கிக் கட்டினேன். ரெஜினா தன் கையிலிருந்த தடியை என்னிடம் நீட்டினாள். முன்னால் அவள், நடுவில் ஷரோன், கடைசியில் நான். வழியில் மூன்று இடத்தில் மூச்சு வாங்கி நின்றேன். மூன்று இடத்திலும் ரெஜினா திரும்பி, “இன்னும் கொஞ்சந்தான் அக்கா” என்றாள். முதல் இரண்டு தடவையும் அது பொய்.